மழைக்காலத் தண்ணீர்ப் பந்தல்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்குச் சென்னைத் துறைமுகத்தின் இரும்புக் கதவருகே டோரதி தன் அண்ணியை முதன்முதலாகப் பார்த்தாள். இந்தப் பெண் ஏன் அழவில்லை என்பதுதான் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தோன்றியது. ரங்கூனிலிருந்து வந்த கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் பனியிலும் குந்தியிருந்து வந்த பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டுதான் இறங்கினார்கள். சிலர் கரையைக் கண்டதற்கு அழுதார்கள், சிலர் அங்கே விட்டுவந்தவர்களை நினைத்து அழுதார்கள். இவள் ஒருத்தி மட்டும் ஒரு தகரப் பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு, யாருடைய வழியையும் மறித்துவிடக் கூடாது என்பதுபோலச் சுவரோடு ஒட்டி நின்று, தன்னைப் பார்த்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்ப்ரோஸ் வீடா?" என்று அவளே முந்திக் கேட்டாள்.

"ஆமா. நான் டோரதி. அவரோட தங்கச்சி."

"அக்கா, நீ ரொம்ப நேரம் வெயில்ல நின்னியா? என்னாலதானே? மன்னிச்சுக்கோ."

துறைமுகக் கூலிகளிடம் கற்ற தமிழ் அது. மரியாதைப் பன்மை அதில் இல்லை. ஆனால் சொன்ன விதத்தில் இருந்த பணிவை டோரதி அதற்கு முன் யாரிடமும் கண்டதில்லை. டோரதி சாந்தோமில் மாதா கோயில் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வயது இருபத்தெட்டு. அண்ணன் மனைவிக்கு இருபத்து நான்குதான் இருக்கும். உறவு முறைப்படி டோரதி அவளை "அண்ணி" என்றாள். பர்மிய வழக்கப்படி வயதைப் பார்த்து அவள் டோரதியை "அக்கா" என்றாள். ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டே இருவரும் ஜட்காவில் ஏறினார்கள். இந்த வழக்கம் கடைசிவரை மாறவில்லை.

அவளுடைய பிறந்த பெயர் மா கின். திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றபோது மர்சலின் என்று பெயரிட்டிருந்தார்கள். ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கணக்கராக இருந்த ஆம்ப்ரோஸ் தாயைக் கேளாமல் அவளைக் கட்டிக்கொண்டதிலிருந்து, தாய் லூயிசாம்மாள் மகனுடைய பெயரைச் செபத்தில் மட்டும் சொன்னார். கலியாணப் படத்தை அலமாரியில் துணிகளுக்கடியில் குப்புற வைத்துவிட்டார். இப்போது ரங்கூனில் குண்டு விழ, துறைமுக ஊழியர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று உத்தரவிருந்ததால், ஆம்ப்ரோஸ் மனைவியை மட்டும் கப்பலேற்றிவிட்டுத் தங்கிவிட்டான். வழி அடைபட்டால் நடந்தாவது வந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

வாசலில் நின்ற மருமகளை லூயிசாம்மாள் உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார். கன்னத்தில் அவள் பூசியிருந்த மரச்சாந்து வியர்வையில் கோடுகோடாக வழிந்திருந்தது. ஏதோ இந்துக் கோயில் சந்தனம் என்று நினைத்து லூயிசாம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"எம் புள்ள வர்ற வரைக்கும் இங்க இரு. அவன் வந்தப்புறம் அவனாச்சு, நீயாச்சு."

மர்சலின் இரண்டு கைகளையும் கூப்பி அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டாள். அன்றுமுதல் அவளுக்கு அந்த வீட்டில் இருந்த உரிமை அவ்வளவுதான்: அவன் வருகிறவரை.

முதல் வாரத்திலேயே சோற்றால் ஒரு விபரீதம் நடந்தது. பர்மாவில் "ஆனாடே" என்று ஒரு சொல் உண்டு. தன்னால் பிறருக்குச் சிரமமோ மனக்கோணலோ உண்டாகிவிடுமே என்று நெஞ்சு கூசுவதை அந்தச் சொல் குறிக்கும். அந்தக் கூச்சத்தால் மர்சலினுக்கு வாய்திறந்து "போதும்" என்று சொல்ல வரவில்லை. தட்டில் விழுந்ததை மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது என்று எண்ணி ஒரு பருக்கையும் விடாமல் உண்டாள். லூயிசாம்மாளோ, தட்டு காலியானால் பசி அடங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளும் ஊரில் பிறந்தவர். மனத்தாங்கல் ஆயிரம் இருந்தாலும் தன் வீட்டில் ஒருத்தி அரைவயிற்றோடு எழுந்தாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதம் உள்ளவர். எனவே அவர் போட்டுக்கொண்டே இருந்தார், இவள் தின்றுகொண்டே இருந்தாள்.

"ஆளு குருவி மாதிரி இருக்கா. வயித்துக்குள்ள என்னதான் வச்சிருக்காளோ!" என்று லூயிசாம்மாள் அடுக்களையில் மகளிடம் முணுமுணுத்தார்.

நான்காம் நாள் காலையில் மர்சலின் கொல்லைக் கிணற்றடியில் வாந்தியெடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த லூயிசாம்மாளின் முகம் மாறிய வேகத்தை டோரதி பிற்பாடும் நினைத்துச் சிரித்ததுண்டு. "மாதாவே!" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடி, மருமகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சை ஊறுகாய் வந்தது. கட்டில் வந்தது. அக்கம்பக்கத்தில் சேதியும் பரவிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அது பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை என்று தெரிந்தபோது, ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து தினமும் பூக்கூடையோடு வரும் தாயம்மாதான் வாசலில் நின்று போட்டு உடைத்தாள்:

"இன்னா பெரீம்மா, பேரன் பேரன்னியே! நீ போட்ட சோறுதான் அது. அந்தப் பொண்ணுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாதா?"

லூயிசாம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் அளவாகப் பரிமாறினார். அந்த ஒரு வார ஆசையிலிருந்து ஒன்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். நாள்தோறும் மருமகளுக்கு ஒரு முழம் பூ. "கட்டினவன் உசுரோட இருக்கான். இவ வெறுந்தலையா நின்னா எம் புள்ளைக்கு ஆகாது." தாம் கணவனை இழந்தவர் ஆனதால் தம் கையால் வைக்க மாட்டார். டோரதிதான் சாயங்காலந்தோறும் அண்ணியின் கொண்டையில் பூவைச் சுற்றிவிட வேண்டும். தலையைப் பிறர் தொடுவது பர்மியருக்குப் பொறுக்காது. டோரதியின் விரல் பட்டதும் மர்சலினின் தோள்கள் சற்றே இறுகும். சில வாரங்களில் அந்த இறுக்கமும் போயிற்று.

ஏப்ரலில் சென்னைக்கு ஆபத்து என்ற பேச்சு கிளம்பியது. ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்தது. அரசாங்கமே வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் மயிலாப்பூர் வீதிகள் பூட்டிய கதவுகளாயின. பாத்திரம், படுக்கை, தையல் இயந்திரம், தொட்டில் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மக்கள் கோடை வெயிலில் அடையாறு பக்கமும் சைதாப்பேட்டை பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். லூயிசாம்மாள் நகரவில்லை. மகன் வந்து கதவைத் தட்டும்போது வீடு பூட்டியிருக்கலாமா? அதனால் மற்ற இருவரும் நகரவில்லை. எதற்குப் பயந்து கடல் தாண்டினாளோ அதற்கே பயந்து இந்த ஊரும் ஓடுவதை மர்சலின் வாசலில் நின்று பார்த்தாள். துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து அவள் முகத்தில் இருந்த, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது போன்ற அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காணாமற்போனது. இவர்களைவிடத் தனக்கு ஒன்று நன்றாகத் தெரியும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அவள் கொல்லையில் கிடந்த பெட்டிப் பலகைகளை எடுத்து, வாசலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை அடித்தாள். அதற்குக் கிளிக்கூண்டு போல ஒரு சிறு கூரை போட்டாள். இரண்டு பானை, மூடி, ஓர் அகப்பை, ஒரு பித்தளைக் குவளை. பர்மாவில் ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை, வழிப்போக்கருக்கென்று இப்படி நீர் வைத்திருப்பார்கள்.

"கண்டவனும் வாய் வைக்கிற குவளை நம்ம வாசல்லயா?" என்றார் லூயிசாம்மாள்.

"அம்மா, நான் ஊத்தறேன். அவங்க கையில வாங்கிக்கட்டும்."

அண்டை வீட்டுப் பவுல்சாமியின் மனைவி சாமான் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "பரவால்ல லூயிசாம்மா, கோடைக்குத் தண்ணிப் பந்தல்னு வச்சுக்கோங்களேன். புண்ணியந்தான்" என்று சமாதானம் சொல்லி, தானும் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனாள். தமிழ்நாட்டில் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது எல்லாருக்கும் புரிந்த காரியம். அதனால் அது நிலைத்தது.

மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். ஊர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறையாதலால் டோரதி வீட்டில் இருந்தாள். கணுக்காலில் துணி சுற்றிய ஒரு மெலிந்த மனிதன் வந்து மேடைக்கு முன் நின்றான். பானையை விட்டுவிட்டு அதன் கூரையையே பார்த்தான்.

"இன்னா இது, ரங்கூன் ரோட்டாண்ட கீறது இங்க வந்து கீது!" என்றான். பிறகு மர்சலினைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "ஆம்ப்ரோஸ் ஐயா வூடு இதானே? நான் பஞ்சாட்சரம். சைதாப்பேட்டை. ஆர்பர்ல ஐயாகிட்ட மூட்டை தூக்கிக்கினு இருந்தேன்."

உள்ளே நாற்காலியில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த லூயிசாம்மாளுக்கு எப்படித்தான் கேட்டதோ, மேல்துணி நழுவ ஓடிவந்தார். ஏப்ரலில் ஒருமுறை மயங்கி விழுந்தபோது, அதிர்ச்சி கூடாது, இருதயம் தாங்காது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

"எம் புள்ளயோட வந்தியா? ஒண்ணா நடந்தீங்களா?"

"ஒண்ணாத்தாம்மா கெளம்புனோம்."

"ஐயா, உன் கால்ல விழறேன். என்ன வேணா சொல்லு. கை போச்சுன்னு சொல்லு, கண்ணு போச்சுன்னு சொல்லு. அவன் செத்துட்டான்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

பஞ்சாட்சரம் மர்சலின் வார்த்த தண்ணீரைக் கையில் வாங்கிக் குடித்து முடித்தான். கிழவியைப் பார்க்காமல் மர்சலின் பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் பேசத் தொடங்கினான். டோரதிக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணியின் கையிலிருந்த அகப்பையைத்தான் பார்த்தாள். அது அசையவில்லை. அவன் பேசி முடித்ததும் மர்சலின் ஏதோ ஒன்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் அகப்பையைப் பானையில் விட்டு, அவன் கையில் இன்னொரு முறை நீர் வார்த்தாள்.

அவன் சொன்னது இது. ப்ரோம் நகரைத் தாண்டிய மலைப்பாதையில், மைல் கணக்கில் நீர் கிடைக்காத இடத்தில், வாந்திபேதி கண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆம்ப்ரோஸ் இறந்துபோனான். கடைசியாகக் கேட்டது ஒரு வாய்த் தண்ணீர். யாரிடமும் இல்லை. இரண்டு பேராகக் குழி தோண்டி மூடிவிட்டு நடந்தார்கள். மர்சலின் கேட்ட கேள்வி, "ஒரு சொட்டுக்கூடவா?" என்பது. டோரதி இதையெல்லாம் அறிந்தது பத்து மாதம் கழித்து.

"என்னடி சொல்றான்? சொல்லேன்டி!"

"அம்மா, அவர் நல்லா இருக்காராம். மலைக்கு அந்தாண்ட ஒரு ஆசுபத்திரியில வேலை பாக்கறாராம். வழி தொறந்ததும் வருவாராம்."

லூயிசாம்மாள் வாசல்படியிலேயே முழந்தாளிட்டார். எழுந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சாட்சரத்திடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "அத ஏம்பா அந்தப் பாஷையில சொன்ன? எனக்குத் தமிழ் தெரியாதா?"

"பேசிப் பேசிப் பயகிப்போச்சும்மா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் போன பிறகு லூயிசாம்மாள் அலமாரியைத் திறந்து, குப்புறக் கிடந்த கலியாணப் படத்தை எடுத்துத் துடைத்து, மாதா சுரூபத்தின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். மகன் ஒரு நாள் வந்து பார்ப்பான் அல்லவா? அன்றைக்குச் சாயங்காலமும் தாயம்மா பூ கொண்டுவந்தாள். டோரதியும் வழக்கம்போலச் சுற்றிவிட்டாள். அண்ணியின் தோள்கள் முதல் வாரத்தில் போலவே இறுகியிருந்தன. வெயிலின் களைப்பு என்று டோரதி நினைத்துக்கொண்டாள்.

கோடை போய் ஐப்பசி பிறந்தது. மற்ற இடங்களில் பந்தல்கள் பிரித்தாயிற்று. லூயிசாம்மாள் வீட்டு வாசலில் மட்டும் மழை கொட்டும்போதும் பானை நிரம்பியிருந்தது. மர்சலின் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் நீர் இறைத்து ஊற்றினாள். வார்க்கும் முன்பு முதல் அகப்பை நீரைத் துளித்துளியாக மண்ணில் விடுவாள். உதடுகள் அசையும். அருள்நிறை மந்திரம் சொல்கிறாள் என்று டோரதி நினைத்தாள். தெருவுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

"வானமே ஊத்திக்கினு கீது, நீ இன்னாத்துக்குமே ஊத்தறே?" என்றாள் தாயம்மா.

"தாகம் மழையப் பாத்தா வருது?" என்று சிரித்தாள் மர்சலின்.

அந்த மாதங்களில் அவள் தமிழும் மாறிவிட்டது. "நீ" போய் "நீங்க" வந்தது. அதுவும் அளவு மீறி, தெரு நாயைக்கூட "போங்க, போங்க" என்று விரட்டினாள். கடற்கரையில் மீன் பேரம் பேசப் பழகினாள். முழந்தாளில் நிற்கப் பழகினாள். வேண்டாம் என்று சொல்லவும் பழகினாள். ஆனால் சொல்லும்போது இன்னும் முகம் சிவக்கும். ஆம்ப்ரோஸ் வந்தால் எந்த அறை, என்ன குழம்பு என்று லூயிசாம்மாள் பேசும்போதெல்லாம் அருகே உட்கார்ந்து, "ஆமாம்மா, அவருக்குப் புளிப்பு நெறைய வேணும்" என்று ஈடுகொடுத்தாள். அப்படி மகனைப் பற்றிப் பேசப் பேச அந்தக் கிழவியின் நெஞ்சு தேறிவந்தது. படிப்படியாக மருமகள்மீது வாஞ்சையும் வந்தது. தம் பழைய புடவையைக் கிழித்து அவளுக்குத் தலையணை உறை தைத்தார்.

அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கியபோது டோரதியின் கலியாணப் பேச்சு முற்றி நின்றது. மாப்பிள்ளை விக்டர், சைதாப்பேட்டைப் பள்ளியில் உபாத்தியாயர். நோயாளியான அவன் தாய், ஈஸ்டர் கழிந்ததும் திருமணம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேப்பேரியில் வேறு பெண் இருக்கிறது என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். லூயிசாம்மாள் அசையவில்லை.

"அண்ணன்காரன் இல்லாம தங்கச்சிக்குக் கலியாணமா? அவன் வரட்டும். அவன் கையப் புடிச்சுக் கொடுக்கட்டும். பத்து மாசம் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறுத்தா என்ன?"

மறுநாள் காலை கிணற்றடியில் டோரதி குடத்தை இறக்கியவள் இழுக்காமலே நின்றுகொண்டிருந்தாள். மர்சலின் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு இருபத்தொம்பது ஆயிடுச்சு" என்றாள் டோரதி. "இத விட்டா இனிமே யாரும் கேட்டு வரமாட்டாங்க. அண்ணன் எப்ப வரும்னு அந்தப் பஞ்சாட்சரம் ஏதாச்சும் சொன்னாரா? ஒரு மாசம், ரெண்டு மாசம்னு ஏதாச்சும்?"

மர்சலின் குடத்தை மேலே இழுத்தாள். சுவரில் இடிக்காமல் மெதுவாக வாங்கி வைத்தாள். "நீங்க பள்ளிக்கூடம் போங்க அக்கா" என்றாள்.

அன்று மாலை தாயம்மா பூவை அளந்து கொடுத்துவிட்டு வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். லூயிசாம்மாள் நாற்காலியில். டோரதி பூவை விரித்துக்கொண்டு அண்ணியின் பின்னால் போனாள். மர்சலின் எழுந்து திரும்பினாள். டோரதியின் கையிலிருந்த பூவைத் தன் இரு கைகளாலும் வாங்கி, மாமியாரின் முன்னே போய் முழந்தாளிட்டு, அவர் மடியில் வைத்தாள்.

"அம்மா, இனிமே எனக்குப் பூ வேண்டாம்."

வேறு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு பெண் பூ வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். வாசலில் தாயம்மாவின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

லூயிசாம்மாள் நெடுநேரம் பூவையே பார்த்தார். "எப்ப?"

"போன மார்ச்சு. மலைப்பாதையில. வாந்திபேதி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பஞ்சாட்சரம் வந்த அன்னிக்கு."

வைத்தியர் பயந்தபடி அவர் மயங்கி விழவில்லை. எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து வந்தது டோரதி எதிர்பார்த்ததன்று. பூ வைத்துக்கொண்டதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"பத்து மாசம்! எம் புள்ள உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துக்கிட்டு கெடந்தானேடி! ஒரு பூசை இல்ல, ஒரு மெழுகுவத்தி இல்ல. நான் பாவி, அவன் வரணும் வரணும்னு நவநாள் செபம் செஞ்சுக்கிட்டு இருந்தேன். உனக்கு என்னடி தெரியும்! நீ யாரு, எங்கேருந்து வந்தவ!"

செத்தவருக்குப் பூசை வைக்க வேண்டும், அதுவரை ஆன்மா காத்துக்கிடக்கும் என்பது மர்சலினுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். ஞானஸ்நானத்துக்கு முன் படித்த பாடத்தில் இருந்திருக்கலாம். மனத்தில் பதியவில்லை. அவள் முகம் வெளிறியது.

"எனக்கு அது தெரியாதும்மா. நான் தண்ணி குடுத்தேன்."

"என்னது?"

"தண்ணி இல்லாமதான் அவர் போனாரு. வழியில போறவங்களுக்குக் குடுத்தா, அவருக்குப் போய்ச் சேரும்னு எங்க ஊர்ல… தெனமும் முதல் அகப்பைய அவர் பேரச் சொல்லி மண்ணுல விட்டுட்டுத்தான் குடுத்தேன். ஒரு நாள்கூட விடல அம்மா."

மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்ற உருவம் டோரதியின் கண்முன் வந்தது. லூயிசாம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகுதான் அந்த ஓலம் எழுந்தது.

இருட்டுமுன் தெரு நிறைந்துவிட்டது. சாந்தோம் பெண்களின் வழக்கம் இது: சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் உரியவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அது வெறும் துக்கம் மட்டுமன்று, கொடுக்கல் வாங்கலுமாகும். யார் வந்து அழுதார்கள், யார் வரவில்லை என்பதைப் பெண்கள் மனத்தில் வைத்திருப்பார்கள். அடுத்த சாவில் திருப்பிச் செய்தாக வேண்டும். அன்று பவுல்சாமியின் மனைவி லூயிசாம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் எல்லாரும் தாயைக் கட்டிக்கொண்டார்கள், பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டார்கள். மர்சலின் கூடத்தின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, துறைமுகத்தில் நின்றது போலவே நின்றாள். சிரிப்பு மட்டும் இல்லை. ஒருத்தி அவளைக் கடந்து போகும்போது, அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "செத்த புருசனுக்குப் பத்து மாசம் பூ முடிஞ்சவ. நெஞ்சழுத்தம் பாத்தியா!"

யாரும் அவளிடம் போகவில்லை. டோரதியும் போகவில்லை. மற்றவர்களின் கைகளுக்குள் அழுதுகொண்டிருந்த அவளுக்கு அது தோன்றவே இல்லை. சற்று நேரம் கழித்து, அழுது தொண்டை வறண்டவர்களுக்கு மர்சலின் குவளையில் நீர் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினாள். எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள்.

கோயிலில் இறந்தோர் பூசை நடந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் மர்சலின் தகரப் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். பானைகளை நிரப்பி வைத்துவிட்டு வந்ததால் முந்தானை ஈரமாக இருந்தது. லூயிசாம்மாள் அத்தனை நாளும் அவளோடு ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

"எங்க கெளம்பிட்ட?"

"கன்னியாஸ்திரிங்க மடத்துல தையல் வேலை இருக்காம். போய்க் கேக்கறேன். அவர் வர்ற வரைக்கும்தானே நீங்க இருக்கச் சொன்னீங்க?"

லூயிசாம்மாள் மடியிலிருந்த செபமாலையைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். "வந்தானா அவன்?"

மர்சலின் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வரலல்ல? அப்ப இரு." பிறகு, தம் குரல் தமக்கே பிடிக்காதவர்போல வாசல் பக்கம் கையை நீட்டினார். "அந்தக் குவளையப் புளி போட்டுத் தேச்சு வை. கருத்துக் கெடக்கு. வர்றவன் நம்ம வீட்ட என்ன நெனப்பான்?"

டோரதியின் திருமணம் மேளதாளம் இல்லாமல் ஜூனில் நடந்தது. தாயின் ஒன்றுவிட்ட தம்பி கையைப் பிடித்துக் கொடுத்தார். அவள் சைதாப்பேட்டைக்குப் போனாள். விக்டர் நல்லவனாக வாய்த்தான். சமையலறையில் நிற்கும்போதோ, குழந்தைக்குப் பால் புகட்டும்போதோ, அந்தக் கிணற்றடி அவள் நினைவுக்கு வரும். அன்று அண்ணி வாய் திறக்காமல் இருந்திருந்தால் தன் வாழ்க்கை எங்கே நின்றிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வாய் திறந்தால் வீட்டைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் அண்ணி திறந்தாள் என்பதும் தெரியும்.

மர்சலின் சாந்தோமிலேயே இருந்தாள். மடத்தில் தையல் கற்றுக்கொடுத்தாள். கன்னத்தில் பூசும் சாந்து தீர்ந்தபின் வேறு தேடவில்லை. போருக்குப் பிறகு கப்பல் ஓடத் தொடங்கியதும், பர்மாவில் மோல்மேனிலிருந்த அவள் அண்ணன் திரும்பி வரும்படி பஞ்சாட்சரம் மூலமாகச் சொல்லியனுப்பினான். அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

"அங்க போனா மறுபடி யார் வீட்டு வாசல்லயோ சிரிச்சுக்கிட்டு நிக்கணும் அக்கா" என்றாள் டோரதியிடம். "ஒரு தடவ நின்னதே போதும்."

அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் போனாள். பவுல்சாமி இறந்தபோது அவர் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதலில் அழுதவள் அவள்தான். ஆற்றங்கரையில் தாயம்மாவின் மகள் பிரசவத்தில் போனபோது சேற்றில் நடந்துபோய்க் குடிசைக்குள் குனிந்து நுழைந்து அழுதாள். தலைவிரித்து, மார்பில் கைவைத்து, இழுத்து இழுத்து, இந்த ஊர்ப் பெண்கள் அழுகிற அழுகையை அவள் எங்கே கற்றாள் என்று யாரும் கேட்டதில்லை. சுவரோரம் நின்று பார்த்த அந்த ஒரு மாலையில் கற்றது அது என்று டோரதிக்கு மட்டும் தெரியும்.

1948ஆம் ஆண்டு ஐப்பசியில் லூயிசாம்மாள் மருமகளின் மடியில் தலைவைத்துக் கண்மூடினார். டோரதி ஓடிவந்து வாசலில் கால்வைத்ததும் மர்சலின் எதிர்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முறை தவறாமல் அழுதாள். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின், கூடத்தில் இருவர் மட்டும் இருந்தபோது டோரதி பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, அண்ணன் சேதி தெரிஞ்ச அன்னிக்கு, உங்களக் கட்டிப் புடிச்சு ஒருத்தரும் அழல. நானும் அழல."

மர்சலின் அவளைப் பார்த்துச் சிரித்தாள். துறைமுகச் சுவரோரம் கண்ட அதே சிரிப்பு. டோரதிக்குச் சிரமம் தந்துவிட்டோமே என்ற கூச்சம் அதில் இருந்தது.

"அன்னிக்கு எல்லாருக்கும் தண்ணி குடுக்க ஒரு ஆள் வேணுமில்ல அக்கா?" என்றாள். "மழை வர்றாப்பல இருக்கு. பானையோட மூடி தெறந்து கெடக்கும்." எழுந்து, சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அவளைக் கட்டிக்கொள்ள டோரதி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவ்வளவு வீடுகளில் அழுதவளுக்கு, அவள் கணவனுக்காக ஒரே ஒரு முறை யாராவது திருப்பி அழுதிருக்க வேண்டும். அந்தத் தெருப் பெண்கள் எதையும் மறக்காதவர்கள். ஆனாலும் டோரதியைத் தவிர அது யாருக்கும் நினைவு வரவில்லை. அவளும் ஒருநாளும் கேட்கவில்லை.